வெயிலே விழுகாத சன்னல்ல பூச்செடி வளக்கறது எப்படி

மொதல்லயே ஒண்ணு சொல்லிர்றனுங்க, நெழல்ல வெக்கற செடி வெயில் பத்தாம சாகறத விட தண்ணி ஜாஸ்தியாகி சாகறதுதான் அதிகம். எங்கூடு கோயமுத்தூர்ல, வடக்க பாத்த சன்னல், எதுக்கால ஆறடி தள்ளி பக்கத்து வீட்டு செவுரு. மொத வருசம் அதுல பிகோனியா வெச்சேன், மேல பாத்தா இலையெல்லாம் தளதளன்னு நல்லாத்தான் இருந்துச்சு, ஒரு நா காலைல காஞ்ச இலைய கிள்ளலாம்னு தொட்டா தண்டு மண்ணோட சேர்ற எடத்துல கொழகொழன்னு ஆகி செடியே கையோட வந்துருச்சு. தெனமும் ஒரு சொம்பு ஊத்துனதுதான் காரணம்.

மொதல்ல வெளிச்சத்த பாருங்க

வெயில் வேற, வெளிச்சம் வேறங்க. மத்தியானம் லைட் போடாம சன்னலோரம் நின்னு பேப்பர் படிக்க முடியுதா, அப்ப பூ வரும். அதுக்கும் இருட்டா இருந்தா பூவ விட்டுட்டு இலைச்செடி வெச்சுக்கோங்க. இன்னொண்ணு, சித்திரை மொத வாரத்துல இருந்து ஆவணி மொத வாரம் வரைக்கும் உச்சிப் பொழுதுல சூரியன் நம்ம ஊருக்கு வடக்கால நிக்கும், அதனால நெழல்னு நெனச்ச வடக்கு சன்னல்ல மே மாசம் வெயில் எட்டிப் பாத்தா பயப்பட வேண்டாம், வெயில மறைக்கற பச்ச நெழல் வலை ஒரு துண்டு கட்டுனா போதும்.

என்ன செடி

ரோசா, செவ்வந்தி, மல்லி மூணையும் மறந்துருங்க, அதுக்கெல்லாம் நல்ல வெயில் வேணும். இம்பேஷன்ஸ், டொரினியா, சின்னப் பூ பூக்கற மெழுகு பிகோனியா, பீஸ் லில்லி, இந்த நாலும் புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு போதும். ஊட்டி மலர் கண்காட்சிக்கு போனா பெரிய பெரிய பூவா கிழங்கு பிகோனியா பாப்பீங்க, ஆசைல வாங்கிட்டு வந்துராதீங்க, அது குளிர் கேக்கற செடி, நம்ம சூட்டுக்கு நிக்காது.

பெட்டியும் மண்ணும்

ரெண்டடி நீளம், எட்டு இஞ்ச் ஆழம், அடில அஞ்சாறு ஓட்டை. க்ரில்லுக்கு உள்பக்கமா வெச்சு கட்டுக்கம்பில ரெண்டு எடத்துல கட்டிருங்க, ஆனி ஆடில பாலக்காட்டு கணவாய் வழியா அடிக்கற காத்து சும்மா வெச்ச பெட்டிய தள்ளிரும், கீழ யாராச்சும் நடந்து போவாங்கல்ல.

வெறும் செம்மண் ரொப்புனா கனமும் ஜாஸ்தி, தண்ணியும் எறங்காது. கோகோபீட், அதாவது தேங்கா நார்த்தூள், ரெண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு, கூட ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. கோகோபீட் கட்டி நம்ம பொள்ளாச்சி பக்கமே செய்யறாங்க, ஆனா தேங்கா நார்த்தூள்ல உப்பு இருக்கும், ஊற வெச்சு ரெண்டு மூணு தடவ அலசி பிழிஞ்சதுக்கு அப்பறம் கலக்குங்க, இத விட்டுட்டா இலை ஓரம் கருகும். ஒரு பெட்டிக்கு மூணு செடி, மிஞ்சிப்போனா நாலு.

தண்ணி

தெனமும் வெரல உள்ள விட்டு பாருங்க. ரெண்டாவது கணு வரைக்கும் போய் எடுக்கறப்ப வெரல்ல மண்ணு ஒட்டுச்சுன்னா இன்னிக்கு தண்ணி வேண்டாம், உதிந்துச்சுன்னா அடி ஓட்டைல சொட்டற வரைக்கும் ஊத்துங்க, இலை மேல படாம. எங்களுக்கு மழைக்காலத்துல நாலு நாளைக்கு ஒருக்காதான் வேணும், ஆடிக் காத்துல மட்டும் நெழல்ல கூட சீக்கிரம் காஞ்சிரும். நல்ல தண்ணி இருந்தா அதையே ஊத்துங்க, போர்ல வர்ற உப்புத்தண்ணி தொடந்து ஊத்துனா மண்ணு மேல வெள்ளையா படியும். அடில தட்டு வெச்சிருந்தா தேங்கறத கொட்டிருங்க, கொசு முட்ட போடும்.

உரம் இருபது நாளைக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம், அதுக்கு மேல போட்டா இலைதான் வரும். உதிந்த பூ மண்ணு மேல கெடந்து அழுகாம பொறுக்கிருங்க.

இம்பேஷன்ஸ் நீட்டமா ஒல்லியா வளந்துச்சுன்னா நுனிய நாலு இஞ்ச் கிள்ளுங்க, பக்கத்துல கெளை விடும். கிள்ளுனத தூக்கி போட்றாதீங்க, கீழ் இலைய எடுத்துட்டு கண்ணாடி டம்ளர்ல தண்ணி ஊத்தி சன்னல்லயே வெச்சா ரெண்டு வாரத்துக்குள்ள வெள்ள வெள்ளயா வேரு எறங்கறது தெரியும், ஒரு இஞ்ச் ஆனதும் அடுத்த பெட்டில நட்டுருங்க.