மேக் டேபிளும் பிராட்காஸ்ட்டும்: ஸ்விட்ச் அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரி வளாகத்தில் நெட்வொர்க் இழுக்கிறது என்று புகார் வந்தால் பழி முதலில் இன்டர்நெட் லைன் மேல்தான் விழும். லைனின் வேகத்தைக் கூட்டிய பிறகும் புகார் நிற்காவிட்டால், ரேக்கைத் திறந்து ஸ்விட்ச்சைக் கவனியுங்கள். பயன்பாட்டில் இருக்கிற போர்ட்டுகளின் விளக்குகள் எல்லாம் ஒன்றாகவே சிமிட்டிக்கொண்டிருந்தால், ஒரே டிராஃபிக் எல்லாப் போர்ட்டுக்கும் போய்க்கொண்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

ஸ்விட்ச் வேலை செய்யும் விதம் எளிமையானது. உள்ளே வரும் ஒவ்வொரு ஃபிரேமிலும் (தரவுத் துண்டிலும்) அனுப்பியவரின் மேக் முகவரியை, அதாவது லோக்கல் நெட்வொர்க்கில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் முகவரியைப் பார்த்து, அது எந்தப் போர்ட்டில், எந்த வீலேனில் (ஸ்விட்ச்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்கில்) இருக்கிறது என்று டேபிளில் எழுதி வைக்கும். பெறுபவரின் முகவரி டேபிளில் இருந்தால் அந்தப் போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும். இல்லாவிட்டால் அந்த வீலேனின் மற்ற எல்லாப் போர்ட்டுக்கும் அனுப்பும். இதைத்தான் ஃப்ளட் என்கிறோம். எல்லாருக்கும் என்றே அனுப்பப்படும் பிராட்காஸ்ட் எப்போதுமே அந்த வீலேனில் எல்லாருக்கும் போகும். அதனால் டேபிள் நிரம்பினாலும் சரி, பதிவுகள் சீக்கிரம் அழிந்தாலும் சரி, வீண் டிராஃபிக் கூடும். டேபிளையும் பிராட்காஸ்ட்டையும் ஒன்றாகவே பார்க்க வேண்டும்.

பெரிய தவறு, வளாகம் முழுவதையும் ஒரே லேயர் 2 பரப்பாக, அதாவது நடுவில் ரவுட்டர் இல்லாமல் பிராட்காஸ்ட் எங்கும் போகும் பரப்பாக விடுவது. ஐபி நெட்வொர்க்கின் அளவை '/16' என்று போட்டால் 65,534 கருவிகளுக்கு முகவரி கொடுக்கலாம், இனி ஐபி தட்டுப்பாடே வராது என்று ஆரம்பத்தில் யாரோ முடிவு செய்திருப்பார்கள். லேப், அலுவலகம், விடுதி, சிசிடிவி எல்லாம் அதற்குள் வந்துவிடும். ஒரு கணினி பிரிண்டரைத் தேடி ஏஆர்பி (இந்த ஐபி முகவரிக்குரிய மேக் முகவரி எது என்ற பிராட்காஸ்ட் கேள்வி) கேட்டால் அத்தனை கருவிகளும் அந்த ஃபிரேமை வாங்கிப் பார்க்க வேண்டும். கணினிகள் நேரடியாக இணையும் சாதாரண ஆக்சஸ் ஸ்விட்ச் பலவற்றில் டேபிளின் கொள்ளளவு சுமார் 8,000 முகவரிகள்தான். ஒரே பரப்பாக இருந்தால், ஒரு மூலையில் இருக்கும் 24 போர்ட் ஸ்விட்ச்கூட வளாகத்தின் அத்தனை முகவரிகளையும் சுமக்க வேண்டியிருக்கும்.

இந்த அமைப்பு எவ்வளவு ஆபத்தானது என்பது 2002 நவம்பரில் தெரிந்தது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் நெட்வொர்க் சில நாட்கள் முடங்கி, மருத்துவர்கள் காகிதத்துக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. கொஞ்சம் கொஞ்சமாக ஸ்விட்ச் மேல் ஸ்விட்ச்சாகக் கோத்து வளர்ந்திருந்த நெட்வொர்க், ஸ்பானிங் ட்ரீ (ஸ்விட்ச்சுகளுக்கு இடையே லூப், அதாவது வட்டப் பாதை, விழாமல் தடுக்கும் முறை) தாங்கும் எல்லையைத் தாண்டியிருந்தது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 7 ஸ்விட்ச்சுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற கணக்கில்தான் ஸ்பானிங் ட்ரீயின் டைமர்கள் வைக்கப்பட்டிருக்கின்றன. ஐபி பாக்கெட்டில் இருக்கும் டிடிஎல் (ரவுட்டருக்கு ரவுட்டர் குறைந்து, தீர்ந்ததும் பாக்கெட்டை நீக்கவைக்கும் எண்) ஈதர்நெட் ஃபிரேமில் கிடையாது. லூப் விழுந்துவிட்டால், சுற்றும் பிராட்காஸ்ட் தானாக நிற்காது.

மாற்று என்னவென்றால், கட்டடத்துக்குக் கட்டடம் ரவுட்டிங் செய்வது. ஒவ்வொரு கட்டடத்தின் டிஸ்ட்ரிபியூஷன் ஸ்விட்ச்சையும் (அங்குள்ள ஆக்சஸ் ஸ்விட்ச்சுகளை இணைப்பது) லேயர் 3 ஆக்கி, அதாவது ரவுட்டராகவும் இயங்கவைத்து, அங்கேயே கேட்வே (வெளியே போகும் வாசல்) வைத்து, '/24' அளவில் பிரியுங்கள். பிராட்காஸ்ட் அந்த எல்லையில் நின்றுவிடும். கட்டடங்களை இணைக்கும் நடுவிலுள்ள கோர் ஸ்விட்ச்சுக்கு மாணவர்களின் மேக் முகவரி எதுவும் தெரிய வேண்டியதில்லை. பக்கத்து ரவுட்டர்களின் முகவரி தெரிந்தால் போதும்.

அடுத்த தவறு, வீலேன் பிரித்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பது. சிஸ்கோ ஸ்விட்ச்சில் டிரங்க் போர்ட் (பல வீலேன்களை ஒரே கேபிளில் அடுத்த ஸ்விட்ச்சுக்குக் கொண்டுபோகும் போர்ட்) இயல்பாகவே எல்லா வீலேனையும் அனுமதிக்கும். நீங்கள் 40 வீலேன் பிரித்து, அவற்றை எல்லா ஸ்விட்ச்சிலும் உருவாக்கி, டிரங்க்கையும் திறந்தே விட்டால், விடுதியின் பிராட்காஸ்ட் நூலகத்து ஸ்விட்ச் வரை போகும். அதோடு அந்த முகவரிகளும் அங்கே டேபிளில் ஏறும். எந்த ஸ்விட்ச்சில் எந்த வீலேனுக்குப் போர்ட் இருக்கிறதோ, அதை மட்டும் டிரங்க்கில் விடுங்கள்.

இதைச் செய்யும்போது ஒரு சொல்லில் கவனம் வேண்டும். புதிதாக வீலேன் 30-ஐச் சேர்க்க வேண்டுமென்றால் 'ஸ்விட்ச்போர்ட் டிரங்க் அலவ்ட் வீலேன் ஆட் 30' என்று கொடுக்க வேண்டும். அந்த 'ஆட்' விடுபட்டால் பழைய பட்டியல் முழுவதும் போய் 30 மட்டும் மிஞ்சும். மேலாண்மை வீலேனும் அதே டிரங்க்கில் இருந்தால் உங்கள் இணைப்பும் அறுந்துவிடும். அப்புறம் கன்சோல் கேபிளோடு அந்தக் கட்டடத்துக்கு ஓட வேண்டியதுதான். ஸ்விட்ச் தானாக ரீலோட் ஆகி, சேமித்த பழைய அமைப்புக்குத் திரும்பும் நேரத்தை முன்கூட்டியே குறித்து வைத்துவிட்டு மாற்றத்தைச் செய்யுங்கள். சரியாக அமைந்தால் அந்த ரீலோடை ரத்து செய்துவிட்டு மாற்றத்தைச் சேமியுங்கள்.

டேபிள் நிரம்புகிறது என்றதும் ஏஜிங் நேரத்தை (பயன்படாத பதிவு அழியும் வரையிலான நேரத்தை) குறைப்பவர்கள் உண்டு. இது நேர் எதிரான பலனைத் தரும். மேக் பதிவு வழக்கமாக 300 நொடி இருக்கும். சிஸ்கோ ரவுட்டரிலோ ஏஆர்பி பதிவு 4 மணி நேரம் இருக்கும். லாக் சேகரிக்கும் சர்வர் ஒன்று வாங்கிக்கொண்டே இருக்கிறது, திருப்பி எதுவும் அனுப்புவதில்லை என்று வையுங்கள். 5 நிமிடத்தில் ஸ்விட்ச் அதை மறந்துவிடும். ரவுட்டருக்கு மேக் முகவரி தெரியும் என்பதால் மறுபடி ஏஆர்பி கேட்காது, அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒரே சர்வருக்கு மட்டும் என்று அனுப்பிய அந்த யூனிகாஸ்ட் டிராஃபிக் முழுவதும் வீலேனின் எல்லாப் போர்ட்டிலும் ஃப்ளட் ஆகும். பிராட்காஸ்ட் கவுண்ட்டரை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது. மேக் நேரத்தை ஏஆர்பி நேரத்துக்குச் சமமாகவோ சற்று மேலாகவோ வையுங்கள், அல்லது ஏஆர்பி நேரத்தை 300 நொடிக்குக் கீழே கொண்டுவாருங்கள்.

அதிகம் பேர் கவனிக்காத இன்னொன்று, கணினி இணைக்கும் போர்ட்டுகளில் போர்ட்ஃபாஸ்ட் (இந்தப் போர்ட்டில் ஸ்விட்ச் இல்லை, கணினிதான் என்று ஸ்பானிங் ட்ரீக்குச் சொல்லும் அமைப்பு) போடாமல் விடுவது. மற்ற நிறுவனங்களின் ஸ்விட்ச்சில் இதை எட்ஜ் போர்ட் என்பார்கள். இது இல்லாவிட்டால் ஒவ்வொரு கணினி ஆன் ஆகும்போதும் ஸ்பானிங் ட்ரீ அதை நெட்வொர்க் அமைப்பே மாறியதாக எடுத்துக்கொள்ளும். பழைய ஸ்பானிங் ட்ரீயில் ஏஜிங் நேரம் 15 நொடிக்குச் சுருங்கும். ராப்பிட் ஸ்பானிங் ட்ரீயில் பதிவுகள் உடனே அழியும். காலை லேப் வகுப்பு தொடங்கும்போது வரிசையாகக் கணினிகள் ஆன் ஆக ஆக, அந்த லேயர் 2 பரப்பின் எல்லா ஸ்விட்ச்சும் கற்றதைத் திரும்பத் திரும்ப மறந்து ஃப்ளட் செய்யும். போர்ட்ஃபாஸ்ட்டோடு பிபிடியூ கார்டையும் சேர்த்தே போடுங்கள். யாராவது சின்ன ஸ்விட்ச் ஒன்றைக் கொண்டுவந்து செருகினால், அதிலிருந்து பிபிடியூ (ஸ்பானிங் ட்ரீக்காக ஸ்விட்ச்சுகள் அனுப்பும் செய்தி) வந்ததுமே போர்ட் மூடிக்கொள்ளும்.

வைஃபை தனிக் கவலை. 2019-இல் ஆண்ட்ராய்டு 10-உம், 2020-இல் ஐஓஎஸ் 14-உம் வந்த பிறகு, செல்போன்கள் ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் தனித்தனி மேக் முகவரியை உருவாக்கிக்கொள்கின்றன. வளாகத்தில் மூன்று வைஃபை பெயர்கள் இருந்தால் ஒரே போன் மூன்று முகவரிகளாகப் பதிவாகலாம். பெயர்களைக் குறையுங்கள். ஏஆர்பி கேள்விக்கு ஆக்சஸ் பாயிண்ட்டே பதில் சொல்லும் வசதி இருந்தால் அதை இயக்குங்கள். காற்றில் பிராட்காஸ்ட் பெரும்பாலும் குறைந்த வேகத்தில்தான் போகும் என்பதால் இதன் பலன் அதிகம்.

ஸ்டார்ம் கன்ட்ரோலும் (பிராட்காஸ்ட் அளவுக்கு வரம்பு) போர்ட் செக்யூரிட்டியும் (ஒரு போர்ட்டில் வரும் மேக் முகவரிகளுக்கு வரம்பு) கட்டாயம் வேண்டும். முதலாவது லூப் விழுந்தால் சேதத்தைக் குறைக்கும், இரண்டாவது போலி முகவரிகளைக் கொட்டி டேபிளை நிரப்பும் தாக்குதலைத் தடுக்கும். ஆனால் இவை பரப்பைச் சுருக்குவதற்கு ஈடாகாது. ஸ்டார்ம் கன்ட்ரோலின் அளவை மிகவும் இறுக்கினால் நியாயமான ஏஆர்பியும், ஐபி முகவரி கேட்கும் டிஎச்சிபியும்கூடத் தடைபடும்.

எதை மாற்றுவதற்கு முன்பும் 'ஷோ மேக் அட்ரஸ்-டேபிள் கவுண்ட்' கொடுத்து, எந்த வீலேனில் எத்தனை முகவரிகள் என்று எழுதி வையுங்கள். போர்ட்டே இல்லாத வீலேனின் முகவரிகள் ஒரு ஸ்விட்ச்சில் தெரிந்தால், டிரங்க்கைச் சுருக்கும் வேலையை அங்கிருந்து தொடங்கலாம்.