நிற்கும்போது மனக்கணக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிற்பது தானாக நடக்கும் வேலை என்று எண்ணுவதில்தான் பிழை தொடங்குகிறது. அசையாமல் நிற்பதாக நமக்குத் தோன்றும்போதும் உடல் முன்னும் பின்னும் மெல்ல ஆடிக்கொண்டேதான் இருக்கிறது. கண், உட்செவி, பாதம் மூன்றும் தரும் செய்திகளை வைத்து மூளை அதை ஓயாமல் திருத்துகிறது. உடலின் எடை கணுக்காலுக்குச் சற்று முன்னால் விழுவதால், கெண்டைக்கால் தசை நம்மைப் பின்னோக்கி இழுத்துப் பிடிக்கிறது. இதற்கெல்லாம் கவனமும் செலவாகிறது. நிற்கும்போதே மனக்கணக்கும் போடச் சொன்னால் அந்தக் கவனம் பங்கிடப்படுகிறது.

அப்போது ஆட்டம் குறைந்தால் நிலை உறுதியாகிவிட்டது என்று முடிவுகட்டுவது அதைவிடப் பெரிய தவறு. ஒருவரை வெறுங்காலுடன் நிற்கவைத்து, 100-இலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்லுங்கள். 93, 86, 79... கணக்கு திணறும் இடத்தில் அவருடைய கணுக்காலின் முன்புறத்தைப் பாருங்கள். சிலருக்கு அங்கே தசைநாண் கயிறுபோல் புடைத்து நிற்கும். காலின் முன்தசையும் கெண்டைக்கால் தசையும் ஒரே நேரத்தில் எதிரெதிராக இறுகி மூட்டை விறைக்க வைக்கின்றன. முதியவர்களிடம் இது கூடுதலாகவே தெரியும். வெளிப்பார்வைக்கு அவர் சிலைபோல் நிற்கலாம். ஆனால் திடீரென்று யாராவது இடித்தால் விறைத்த கால் வளைந்து ஈடுகொடுக்கத் திணறும், தசையும் சீக்கிரம் களைத்துவிடும். அதனால்தான் ஆட்டத்தை மட்டும் அளக்காமல் தசையின் மின்செயல்பாட்டையும் (தசை இறுகும்போது அதில் எழும் மின்குறிகளையும்) சேர்த்துப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

விடையை உரக்கச் சொல்லவைத்துவிட்டு, தெரிகிற மாற்றம் முழுவதையும் சிந்தனையின் மேல் போடுவதும் சரியல்ல. பேசும்போது மூச்சின் ஒழுங்கு மாறுகிறது. அதுவே உடலை அசைக்கும். மனதுக்குள் கணக்கிட வைத்தும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

வீட்டில் நாம் செய்யும் தவறுதான் என்னை அதிகம் வருத்துகிறது. ஒற்றைக்காலில் நின்று உடை மாற்றும் முதியவரிடம், "சாவியை எங்கே வைத்தீர்கள்?" என்று கேட்கிறோம். 1997-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், 58 முதியவர்களில் 12 பேர் பேச்சுக் கொடுத்ததும் நடையை நிறுத்திவிட்டார்கள். ஆறு மாதங்களுக்குள் அந்த 12 பேரில் 10 பேர் விழுந்தார்கள். ஆகவே உடை மாற்றிக்கொண்டு நிற்பவரை அவசரப்படுத்தாதீர்கள். அவர் உட்காரும்வரை கேள்வி காத்திருக்கட்டும்.

"காலையே கவனி" என்று சொல்வதும் பெரும்பாலும் உதவாது. எதிரே ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்வது மேல். பயந்துபோய்ப் பயிற்சியையே கைவிடவும் வேண்டாம். பிடித்துக்கொள்ள உறுதியான மேசை முன்னால் இருக்க, பக்கத்தில் ஒருவர் துணை நிற்க, எளிய கணக்கிலிருந்து தொடங்கலாம்.