டென்வருக்கு வருகிறீர்களா? பனியை விட வறட்சிக்குத் தயாராகுங்கள்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள டென்வருக்கு வரப்போகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "பனி ரொம்பக் கொட்டுமா?" என்றுதான். கொட்டும். அக்டோபரில் தொடங்கி மே வரைகூட வரும், மார்ச்சில்தான் அதிகம். ஆனால் மாதக்கணக்கில் உறைந்து கிடக்காது. ராக்கி மலையிலிருந்து சினூக் என்ற காய்ந்த வெப்பக்காற்று இறங்கும். வெயிலும் சேர்ந்தால், கணுக்கால் அளவு கிடந்த பனி இரண்டு மூன்று நாளில் கரைந்துவிடும்.

அதனால் கனத்த கோட்டு ஒன்றை மட்டும் நம்பாமல், கழற்றி மாட்டுகிற மாதிரி அடுக்கடுக்காக உடுத்துங்கள். 2020 செப்டம்பர் 5 அன்று இங்கே 101 டிகிரி ஃபாரன்ஹீட். 8ஆம் தேதி பனி பெய்தது!

உண்மையில் படுத்துவது காற்றின் வறட்சி. ஊர் 5,280 அடி உயரத்தில், மலைக்குக் கிழக்கே இருக்கிறது. மேகங்கள் ஈரத்தை மலையிலேயே இறக்கிவிட்டு வருவதால், ஆண்டு மழை சென்னையில் பெய்வதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வந்த முதல் வாரம் எனக்கு உதடு வெடித்தது, மூக்கில் ரத்தம் கசிந்தது. பயந்தே போனேன். தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள். படுக்கையறைக்கு ஒரு ஹியூமிடிஃபையர் (காற்றில் ஈரம் சேர்க்கும் கருவி) வாங்குங்கள். குழந்தைகள் இருந்தால் கட்டாயம். குளிர்காலத்திலும் சன்ஸ்கிரீன் வேண்டும், இந்த உயரத்தில் வெயில் சுடும்.

அப்புறம் சமையல். இங்கே தண்ணீர் 95 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். பாத்திரத்தில் வைத்தால் பருப்பு வேக ரொம்ப நேரம் ஆகும், ஊரிலிருந்து குக்கரைக் கொண்டுவாருங்கள். குளிர்நாளில் இட்லி மாவை ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு வையுங்கள், பொங்கிவிடும்.

மே முதல் ஆகஸ்ட் வரை ஆலங்கட்டி மழையைக் கவனியுங்கள். 2017 மே 8 அன்று பெய்ததில் சேதம் 200 கோடி டாலரைத் தாண்டியது. வீடு பார்க்கும்போதே கூரையுள்ள கார் நிறுத்தம் உண்டா என்று கேளுங்கள். கார் காப்பீட்டில் காம்ப்ரிஹென்சிவ் (மோதல் அல்லாத சேதத்துக்கான பகுதி) சேர்த்துக்கொள்ளுங்கள். விபத்துக்கான காப்பீடு மட்டும் ஆலங்கட்டிக்கு உதவாது.

கோடையில் மலை ஏறப் போனால் விடியலிலேயே கிளம்பி, நண்பகலுக்குள் சிகரத்திலிருந்து இறங்கிவிடுங்கள். காலையில் வானம் பளிச்சென்று இருக்கும். மதியம் இடி மின்னல் வரும். மரமில்லாத உச்சியில் ஒதுங்க இடமே கிடையாது.