ரசீது யார் பேரில்? நன்கொடைக் கணக்கில் நாம் செய்யும் தவறுகள்

குமரி மாவட்டம் மார்த்தாண்டம் பக்கம் ஒரு சின்ன டிரஸ்ட்டில் நன்கொடைக் கணக்கு பார்க்கிறேன். கடற்கரை ஊர்ப் பிள்ளைகளுக்கும், ரப்பர் பால் வெட்டுக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் மாலை வகுப்பு நடத்துகிறோம். ஒரு நாள் ஒரு அம்மா வந்து 5,000 ரூபாயை மேசையில் வைத்தார். ரசீதில் அவர் பெயரை எழுதத் தொடங்கியதும் தடுத்தார். "எனக்க பைசா இல்ல மக்ளே, மவனுக்க பைசா. அவனுக்க பேருல எழுது. அவனுக்க அப்பாவுக்க ஓர்மைக்கு." மகன் குவைத்தில் இருக்கிறார். ஏடிஎம்மில் எடுத்துக் கொடுத்தது மருமகள்.

ஒரு நன்கொடைக்குள் நான்கு பேர். எங்கள் எக்செல் தாளிலோ 'பெயர்' என்று ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. எங்கள் தவறுகளில் பாதி அந்த ஒரு கட்டத்திலிருந்து வந்தவை.

நம் மாவட்டத்தில் பணம் நேராக வருவது குறைவு. வளைகுடாவிலிருந்து அண்ணன் அனுப்புவார், தம்பியின் ஜிபேயிலிருந்து நமக்கு வரும். வங்கிக் கணக்கில் தம்பி பெயர் இருக்கிறதே என்று அவர் பெயருக்கே ரசீது போட்டுவிட்டால், வரிக்கழிவு கேட்க வேண்டிய அண்ணன் கையில் ஒன்றும் இருக்காது. நினைவு நாளுக்கு வரும் பணத்தில் இன்னும் மோசம். 'இன்னார் நினைவாக' என்ற குறிப்பைப் பார்த்து இறந்தவர் பெயரிலேயே ரசீது அடித்த பெருமை எனக்கும் உண்டு. இப்போது கொடுத்தவர், அனுப்பியவர், யார் நினைவாக என்று மூன்று கட்டம் வைத்திருக்கிறோம். வங்கி விவரத்தை மட்டும் பார்த்து முதல் கட்டத்தை நிரப்புவதில்லை, போன் போட்டுக் கேட்டுவிடுகிறோம். ஒரு நிமிட வேலை.

அந்த 5,000 ரூபாயில் இன்னொரு சிக்கலும் இருந்தது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் 80ஜி எனப்படும் நன்கொடை வரிக்கழிவு கிடையாது. அதை ரசீது கிழிப்பதற்கு முன்பே சொல்ல வேண்டும். மூன்று தேதி போட்டு மூன்று ரசீதாகப் பிரித்துத் தருகிறோம் என்ற வேலைக்குப் போகவே போகாதீர்கள். நோட்டுப் புத்தகம், பை, சைக்கிள் என்று பொருளாகத் தருபவர்களுக்கும் 80ஜி இல்லை. நன்றிக் கடிதம் கொடுங்கள், 80ஜி முத்திரை வேண்டாம். புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் இந்தக் கழிவு கிடைக்காது. "வரி மிச்சம்" என்று நோட்டீஸில் பெரிதாக அச்சடிக்கும் முன் இதையெல்லாம் யோசியுங்கள்.

சரி, எக்செலுக்கு வருவோம். 2021-22 நிதியாண்டிலிருந்து 80ஜி பதிவு உள்ள அமைப்புகள் நன்கொடையாளர் பட்டியலைப் படிவம் 10பிடியாக, ஆண்டு முடிந்து மே 31க்குள் வருமான வரித் தளத்தில் ஏற்ற வேண்டும் என்று வந்தது. அதன் பிறகுதான் 10பிஇ என்ற நன்கொடைச் சான்றிதழை எடுத்து நன்கொடையாளருக்குத் தர முடியும். தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். பான் இல்லாதவருக்கு ஆதார், பாஸ்போர்ட், வாக்காளர் அட்டை என்று வேறொரு அடையாள எண் போடலாம். வினை அங்கேதான். ஆதார் 12 இலக்கம். சாதாரணக் கட்டத்தில் அடித்தால் எக்செல் அதை 4.13இ+11 என்பது போலச் சுருக்கிக் காட்டும். அப்படியே, தளத்தில் ஏற்றும் சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால் மீதி இலக்கங்கள் போனது போனதுதான். யுபிஐ பரிவர்த்தனை எண்ணும் 12 இலக்கம், 91 சேர்த்த கைபேசி எண்ணும் 12 இலக்கம். எல்லாவற்றுக்கும் இதே கதி. எண்ணை அடிக்கும் முன் அந்தக் கட்டங்களை 'டெக்ஸ்ட்' என்று மாற்றுங்கள். சேமித்த சிஎஸ்வியைச் சரிபார்க்க மறுபடி எக்செலில் திறக்காதீர்கள், நோட்பேடில் திறங்கள். நான் இதைக் கற்றது ஒரு மே 30ஆம் தேதி இரவில்.

பான் எண்ணை வாட்ஸ்அப்பில் வாங்கும்போது ஒரு சின்னச் சோதனை செய்யலாம். ஐந்து எழுத்து, நான்கு எண், ஒரு எழுத்து. தனிநபர் என்றால் நான்காவது எழுத்து பி. அது டி என்றால் ஏதோ டிரஸ்ட்டின் பான், சி என்றால் கம்பெனி. அண்ணன் தன் கம்பெனி பானை அனுப்பியிருக்கிறார் என்று அப்போதே தெரிந்துவிடும். 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. பழைய ரசீதுப் புத்தகத்தை மறுபடி அச்சுக்குக் கொடுக்கும் முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு 'வெளிநாட்டுப் பணம்' என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டுவது. எஃப்சிஆர்ஏ எனும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குப் பணம் எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதைவிட, கொடுத்தவர் எந்த நாட்டுக் குடிமகன் என்பதுதான் கேள்வி. துபாயில் இருபது வருஷம் வேலை பார்த்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர், தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆஸ்திரேலியக் குடியுரிமை வாங்கிவிட்ட நம்மூர்க்காரர் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்து, நாகர்கோவில் வங்கிக் கணக்கிலிருந்து ரூபாயாகவே தந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை குடியுரிமை அல்ல. எஃப்சிஆர்ஏ பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அந்த நன்கொடையை வாங்கக் கூடாது. பதிவு இருந்தாலும், 2020 திருத்தத்துக்குப் பிறகு, முதலில் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். சொந்தக்காரரிடம் போய்ப் பாஸ்போர்ட் எது என்று கேட்பதா என்று கூச்சப்பட்டோம். இப்போது படிவத்திலேயே அந்தக் கேள்வி இருப்பதால் கூச்சம் படிவத்தோடு போயிற்று.

ஒரே ஆளை இரண்டாகப் பதிவதும், இரண்டு ஆளை ஒன்றாக்குவதும் தினசரிச் சங்கதி. இனிஷியல் முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை; ஜெபமணி ஆங்கிலத்தில் மூன்று விதம். போன் எண்ணை வைத்துச் சேர்த்தால் ஒரு வீடே ஒரு ஆளாகிவிடும். எங்களுக்குக் கைகொடுத்தது வீட்டுப் பெயரும், 'விளை'யில் முடியும் ஊர்ப் பெயரும்தான்.

பிள்ளைகளின் படங்களைப் பற்றி ஒன்று. பெருநகரத்தில் கொடுப்பவரும் பெறுபவரும் சந்திப்பது அபூர்வம். இங்கே இருவரும் ஒரே பஸ்ஸில் கருங்கல் சந்தைக்குப் போவார்கள். நாங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்த ஒருவர், கோயில் கொடைத் திருவிழாவில் அந்தப் பிள்ளையைக் கண்டு, "உனக்கு நான்தான் ஃபீஸ் கட்டுறேன்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் பிள்ளை வகுப்புக்கு வரவில்லை. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தரவுக்குப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது. சட்டம் வரும்வரை நாங்கள் காத்திருந்திருக்கக் கூடாது. இப்போது அறிக்கையில் முகமும் இல்லை, பெயரும் இல்லை, பள்ளியும் இல்லை.

அப்புறம் அந்த வாட்ஸ்அப். நன்கொடையாளர் எல்லோரும் ஒரு ஊழியரின் சொந்த எண்ணில் இருந்தார்கள். அவர் வேறு வேலைக்குப் போனபோது பாதிப் பேரின் எண் எங்களிடம் இல்லை. இன்று டிரஸ்ட் பேரில் ஒரு சிம் இருக்கிறது. அது ஒரு பழைய போனில், மேசை டிராயருக்குள், பூட்டோடு. சனிக்கிழமை அதற்கு சார்ஜ் போடும் முறை என்னுடையது.