பாஸ் கிடாரில் சுருதி இறக்குகிறவர்கள் கம்பி விஷயத்தில் செய்யும் தவறுகள்

பாடகர் ஒரு கட்டையில் எடுத்தால் பாஸ் வாசிக்கிறவருக்கு ஆழமான ஒரு சி வேண்டும். நாலு கம்பி பாஸில் வழக்கமான ட்யூனிங்கின் அடிமட்டமே ஈ, அதாவது மூன்று கட்டை. அதற்குக் கீழே போக இடமில்லை. டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்திலும் பீனிக்ஸிலும் கல்யாணம், கோயில் விழா என்று வாசிக்கிற நம் பிள்ளைகள் கம்பியை டி-க்கும் சி-க்கும் இறக்குவதற்கு இது போதுமான காரணம். மெட்டல் வாசிக்கிறவர்கள் பி வரைக்கும் போவார்கள். தாராளமாக இறக்கலாம். ஆனால் கடையில் வாங்கிய 45-105 செட்டை (மெல்லிய கம்பி 45, தடித்தது 105 என்ற தடிமன் எண்) அப்படியே விட்டுவிட்டு சுருதிச் சாவியை மட்டும் தளர்த்துகிறார்கள் பாருங்கள், முதல் தவறு அதுதான்.

சுருதி இறங்கும் வேகத்தைவிட இழுவிசை வேகமாக இறங்கும். ஈ-யிலிருந்து டி-க்கு வந்தால் கம்பியின் விறைப்பில் 21 சதவீதம் போய்விடும். சி-க்கு வந்தால் 37, பி-க்கு வந்தால் 44. கிட்டத்தட்ட பாதி விறைப்பு போன கம்பி, கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளான ஃப்ரெட்டில் மோதி கடகடக்கும். கொஞ்சம் அழுத்தி அடித்தால் சுருதி முதலில் மேலே ஏறி, பிறகுதான் தன் இடத்துக்கு வரும். பாடகருக்குப் பக்கத்தில் நின்று அப்படி வாசித்தால் அவர் பாடுவதும் தடுமாறும்.

இதைக் கேட்டவுடன் இருப்பதிலேயே தடிமனான கம்பியைத் தேடிப் போகிறார்கள். அது அடுத்த தவறு. கம்பியின் தடிமனைச் சொல்லும் கேஜ் எண் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 105 என்றால் 0.105 அங்குலம். ஒவ்வொரு அரைச் சுரம் இறங்கும்போதும் தடிமன் ஏறக்குறைய 6 சதவீதம் கூடினால் பழைய விறைப்பு அப்படியே இருக்கும். கணக்குப்படி டி-க்கு 118, சி-க்கு 132, பி-க்கு 140 வரும். ஆனால் தடிமன் கூடக்கூடக் கம்பி வளையாமல் விறைத்துக்கொள்ளும், நாதம் மங்கிவிடும். அதனால் கணக்கைவிட ஒரு படி குறைத்துப் போடுவதே நல்லது: டி-க்கு 110 அல்லது 115, சி-க்கு 125 அல்லது 130, பி-க்கு 130 அல்லது 135. கை மென்மையாக இருப்பவர்கள் இதிலும் சின்ன எண்ணை எடுக்கலாம்.

எந்தக் கம்பி எவ்வளவு இறங்குகிறது என்று தனித்தனியாகப் பார்க்காமல் செட்டாக வாங்குவதுதான் பணத்தை வீணாக்கும் தவறு. ட்ராப் டி-யில் இறங்குவது தடித்த நாலாவது கம்பி, அதாவது ஈ கம்பி ஒன்றுதான். அதை மட்டும் 110 ஆக்கினால் போதும், மற்ற மூன்றைத் தொடவே வேண்டாம். ட்ராப் சி-யில் நாலாவது கம்பி நாலு அரைச் சுரம் இறங்கும், மற்ற மூன்றும் இரண்டே இரண்டு. அதற்கு 50, 70, 95, 125 என்று தனிக் கம்பிகளாகச் சேர்ப்பதே சரி. பி-ஈ-ஏ-டி வைக்கப் போகிறீர்களா? ஐந்து கம்பி செட் ஒன்று வாங்கி, ஜி கம்பியை எடுத்து வைத்துவிடுங்கள். மீதி நாலும் அந்தச் சுரங்களுக்கென்றே செய்தவை.

கேஜ் எண்ணை மட்டும் நம்புவதும் கூடாது. தாமஸ்டிக்-இன்ஃபெல்ட் ஜாஸ் ஃப்ளாட்டிலும் ஈ கம்பி 100, டி'அடாரியோ க்ரோம்ஸ் செட் ஒன்றிலும் 100. முன்னது கைக்கு மெத்தென்று இருக்கும், பின்னது முறுக்கேறி நிற்கும். கம்பெனி தரும் இழுவிசை அட்டவணையைப் பாருங்கள். அட்டவணைகள் பெரும்பாலும் 34 அங்குல ஸ்கேலுக்கு, அதாவது கம்பியின் அதிரும் நீளத்துக்குப் போட்டவை. 30 அங்குல ஷார்ட் ஸ்கேல் பாஸில் அதே கம்பி, அதே சுருதி வைத்தாலும் விறைப்பு 22 சதவீதம் குறைவு. அதில் பி வரை இறக்குவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

அப்புறம் நட், அதாவது கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகள் உட்காரும் பள்ளங்கள் உள்ள துண்டு. 105-க்கு வெட்டிய பள்ளத்தில் 130 உட்காராது. பள்ளத்தின் மேல் விளிம்பில் தொத்திக்கொண்டு நிற்கும். முதல் ஃப்ரெட்டில் அழுத்தினால் சுரம் கூர்மையாகிவிடும். சாவியைத் திருகும்போது ஒன்றும் நடக்காமல் இருந்து, திடீரென்று 'டிக்' என்று குதித்தால் கம்பி அங்கே சிக்கியிருக்கிறது என்று பொருள். சரியான அளவு அரம் வைத்துப் பள்ளத்தின் அகலத்தைக் கூட்ட வேண்டும். ஆழத்தைத் தொடும்போது மிக நிதானமாக. ஒரு தடவை ஆழம் கூடிவிட்டால் புது நட்தான். அரம் இல்லாதவர்கள் கிடார் வேலை தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள், கத்தியால் சுரண்டாதீர்கள்.

மொத்த இழுவிசை குறைந்தால் கழுத்து பின்பக்கம் சாயும், கூடினால் முன்பக்கம் வளையும். முதல் ஃப்ரெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் இடத்திலும் கம்பியை ஒரே நேரத்தில் அழுத்தி, ஏழாவது ஃப்ரெட்டில் பாருங்கள். விசிட்டிங் கார்டு ஒன்று நுழையும் இடைவெளி போதும். இல்லையென்றால் கழுத்துக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராடைக் கால் சுற்று திருப்பி, மறுபடி சுருதி சேர்த்துப் பார்க்க வேண்டும். டர்பன் கடற்கரை ஈரத்தில் சரியாக வைத்த கழுத்து, குளிர்காலத்தில் 1,700 மீட்டர் உயரத்தில் காய்ந்து கிடக்கும் ஜோகன்னஸ்பர்க்குக்குப் போனால் அப்படியே இருக்காது. அந்தப் பக்கம் லெனேசியாவில் கல்யாணம் என்றால் முதல் நாளே போய் ஒரு தடவை சோதித்துக்கொள்ளுங்கள். தடிமனான கம்பிக்கு, உடல் பக்கம் கம்பியைத் தாங்கும் பிரிட்ஜ் சாடிலையும் கொஞ்சம் பின்னால் தள்ள வேண்டியிருக்கும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்திய சுரமும் அதே இடத்தில் கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் ஹார்மோனிக்கும் ஒன்றாக வரும்வரை தள்ளுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் அடிச் சுரம் கேட்கவில்லை என்று கம்பியை மறுபடி மாற்றுகிறவர்கள் உண்டு. திறந்த பி கம்பியின் அதிர்வு நொடிக்கு 31 தடவை. எட்டு அங்குல ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபையரும் ஒரே பெட்டியில் உள்ள சின்ன காம்போவால் அதைச் சரியாகத் தள்ள முடியாது. மண்டபத்து பெரிய ஸ்பீக்கரில் ஒரு தடவை இணைத்துக் கேட்டுவிட்டு, அதற்கப்புறம் கம்பியை மாற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.