கோயில் அன்னதானத்துக்குக் கொடுத்த காசை வரியில் கழிக்கலாமா?

உப்புவெளியில் இருக்கும் என் மச்சான் ஒவ்வொரு மார்ச்சிலும் கேட்கிற கேள்வி இது. கோணேசர் கோயில் அன்னதானத்துக்குக் கொடுத்தானாம், அதை வருமான வரியில் கழிக்கலாமா என்று. முடியாதடா. கோயிலோ பள்ளிவாசலோ தேவாலயமோ, வழிபாட்டுக்கும் திருவிழாவுக்கும் கொடுப்பதற்கு வரிக் கழிவு இல்லை, அது உனக்கும் சாமிக்கும் இடையிலான கணக்கு.

இலங்கையின் 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் கேட்பது வேறு. நோயாளிகளையோ வறியவர்களையோ தங்கவைத்துப் பராமரிக்கிற நிறுவனமாக இருக்க வேண்டும், அதோடு அமைச்சர் அதை அங்கீகரிக்கப்பட்ட தர்ம நிறுவனம் என்று அறிவித்திருக்கவும் வேண்டும். பிரதேச செயலகத்தில் பதிந்த சங்கம் என்றால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், போதாது. கொடுக்கும் முன்பே அந்த அங்கீகாரக் கடிதத்தின் பிரதியைக் கேளுங்கள். கேட்க வெட்கமாகத்தான் இருக்கும். நான் வெட்கப்பட்டுக் கேட்காமல் விட்டு, முதியோர் இல்லம் ஒன்றுக்கு ஐந்து மூட்டை அரிசி இறக்கினேன். அங்கீகாரமும் இல்லை, இருந்திருந்தாலும் அரிசி கணக்கில் வந்திராது, இப்படியான நிறுவனங்களுக்குக் காசாகக் கொடுத்தால்தான் கழிவு.

சரி, எவ்வளவு மிஞ்சும்? தனிநபர் என்றால் வரிக்குரிய வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 75,000 ரூபா, எது குறைவோ அதுதான் கழிக்கக்கூடிய உச்சம். மாதம் 2,50,000 ரூபா சம்பளம் என்று வையுங்கள். வருடத்துக்கு 30 லட்சம், 2025 ஏப்ரலில் இருந்து தனிநபர் நிவாரணம், அதாவது வரி இல்லாத பகுதி, 18 லட்சம், ஆக 12 லட்சத்துக்கு வரி. முதல் 10 லட்சத்துக்கு 6 வீதம், மிச்சம் 2 லட்சத்துக்கு 18 வீதம், மொத்தம் 96,000. நீங்கள் 75,000 கொடுத்திருந்தால் வரி 82,500. மிச்சம் 13,500 ரூபா. இரண்டு லட்சம் கொடுத்தாலும் அதே 13,500தான், ஆகவே வரிக்காக மட்டும் தானம் செய்கிறவர் கணக்கில் கெட்டிக்காரர் இல்லை.

அரசாங்கத்துக்கோ உள்ளூராட்சி சபைக்கோ கொடுத்தால் இந்த உச்சம் கிடையாது, பொருளாகவும் கொடுக்கலாம். அரச ஆஸ்பத்திரிக்குக் கட்டில் வாங்கிக் கொடுக்க நினைப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

அப்புறம், உங்கள் பெயரும் திகதியும் தொகையும் உள்ள பற்றுச்சீட்டு கட்டாயம். சம்பளத்தில் வெட்டுகிற வரி இந்தத் தானத்தைப் பார்ப்பதில்லை, நீங்களே வருடாந்த வருமான வரி விவரத்திரட்டில் போட வேண்டும். மார்ச் 31 உடன் வரி வருடம் முடியும், விவரத்திரட்டுக்குக் கடைசி நாள் நவம்பர் 30.