நடைதூரக் கணக்கு பாதித் தெருவில் நின்றபோது

கிண்டி வட்டாரத்தில் ஒவ்வொரு பஸ் நிறுத்தத்திலிருந்தும் 500 மீட்டர் நடைதூரத்துக்குள் எந்தெந்தத் தெருக்கள் வருகின்றன என்று கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் கணக்கிட்டேன். சில நிறுத்தங்களில், நடந்து போகக்கூடிய வழியைக் காட்டும் கோடு ஒரே தெருவோடு நின்றுவிட்டது.

ஒருவழிப் பாதை அமைப்பை நீக்கிப் பார்த்தேன், பயனில்லை. கோடுகள் குறுக்கிடும் இடங்களையெல்லாம் சந்திப்புகளாக மாற்றினேன். கத்திப்பாரா மேம்பாலத்திலிருந்து கீழ்ச்சாலைக்கு நடுவானில் வழி திறந்துவிட்டது! அதையும் கைவிட்டேன்.

நன்றாகப் பெரிதாக்கிய பிறகுதான் தெரிந்தது: கையால் வரையப்பட்ட தெருக்களின் முனைகள் ஒரு சாண் இடைவெளியில் ஒட்டாமல் நின்றன. இதற்கென்றே ‘டோபாலஜி டாலரன்ஸ்’ என்ற அமைப்பு இருக்கிறது: எவ்வளவு இடைவெளி வரை புள்ளிகளை இணைந்தவையாகக் கொள்ளலாம் என்று சொல்லும் எண். இயல்பு மதிப்பு பூஜ்யம். 0.5 கொடுத்தேன். தெரு வலை முழுவதும் ஒரே புள்ளியாகச் சுருங்கிவிட்டது.

பலர் கவனிக்கத் தவறும் இடம் இதுதான். தெரு அடுக்கு (தெருக்கோடுகள் அடங்கிய வரைபடத் தரவு) அட்சரேகை, தீர்க்கரேகையில் இருந்தால் அந்த எண் மீட்டர் அல்ல, பாகை. அரைப் பாகை என்றால் சென்னையில் சுமார் 55 கிலோமீட்டர்!

அடுக்கை மீட்டரில் அளக்கும் யுடிஎம் 44 வடக்கு என்ற ஆயமுறைக்கு (அதன் குறியீட்டு எண் ஈபிஎஸ்ஜி 32644) மாற்றிச் சேமித்து அதே 0.5 கொடுத்தேன். அப்பாடா, தெருக்கள் இணைந்தன. கோடுகள் குறுக்கிடும் இடங்களை விட்டுவிட்டு, அருகருகே இருக்கும் கோட்டுப் புள்ளிகளை மட்டுமே இது ஒட்டுவதால் மேம்பாலமும் கீழ்ச்சாலையும் தனித்தனியாகவே இருக்கின்றன.